குளிர் காலத்தில் ஒரு வெந்நீர்த் தீர்த்தம்!

மார்கழி மாத விடியற்காலை. காஞ்சிபுரம் சர்வ தீர்த்தக் குளக்கரையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா பேச்சுக் கொடுத்தார். பிள்ளையார்பாளையத்துக்காரர். நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர். இப்போது இரண்டு முழங்காலும் மடங்க மாட்டேன் என்கிறதாம்.

''பத்ரிநாத்துல பெருமாள் சந்நிதிக்குக் கீழேயே வெந்நீர் ஊத்து இருக்காமே! தை பொறக்கறதுக்குள்ள போய் ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடணும்மா'' என்றார்.

அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இந்த மாதத்தில் பத்ரிக்குப் போக முடியாது! திருமங்கையாழ்வார் பாடிய அந்த வதரியாசிரமம் சுமார் பத்தாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. நவம்பரில் நடை சாத்தினால், மறுபடி திறக்க ஏப்ரல் கடைசியோ மே மாதமோ ஆகிவிடும். குளிர் காலப் பூஜை எல்லாம் கீழே பாண்டுகேஷ்வரிலும் ஜோஷிமட்டிலும்தான். தப்த குண்டத்தில் நீராட வேண்டுமானால் கோடையில் கிளம்புங்கள்.

குளிர் காலத்துக்கென்றே அமைந்தது போல இன்னொரு தலம் உண்டு. பீகாரில் உள்ள ராஜகிருகம். இப்போது ராஜ்கிர் என்கிறார்கள். ஜராசந்தனின் தலைநகரான கிரிவ்ரஜம் இதுதான். பீமன் அவனோடு மல்யுத்தம் செய்து வென்ற இடம். ஐந்து குன்றுகள் சூழ்ந்த ஊர். வைபார மலையின் அடிவாரத்தில் லக்ஷ்மி நாராயணர் கோயில். அங்கேயே சப்ததாரா என்ற ஏழு தாரைகளும் பிரம்ம குண்டமும் இருக்கின்றன. குண்டத்து நீரின் சூடு சுமார் 45 டிகிரி. நம் வீட்டுக் குளியல் வெந்நீரைவிடச் சற்றே கூடுதல். கயாவிலிருந்து சுமார் 70 கிலோ மீட்டர்தான். காசி, கயா யாத்திரை போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும். பனி மலை ஏற வேண்டாம் என்பதால் வயதானவர்களுக்கும் இதுவே வசதி.

அம்பாள் பக்தைகள் கேள்விப்பட்டிருக்கக்கூடிய தலம், இமாசலப் பிரதேசத்து மணிகரண். பார்வதி தேவியின் காதணி நீரில் விழ, அதை ஆதிசேஷன் கொண்டுபோனானாம். ஈசன் கோபம் கொள்ள, அவன் சீறிய சீற்றத்தில் மணிகளோடு வெந்நீரும் பொங்கியது என்பது தல புராணம். அரிசியைத் துணியில் முடிந்து ஊற்றில் இறக்கினால் சோறாகிவிடும், அவ்வளவு கொதி! அந்த நீரில் நேராக இறங்கவே கூடாது. குளிப்பதற்குப் பதமாக்கிய தொட்டிகள், பெண்களுக்குத் தனியாகவே உண்டு. ஆனால் டிசம்பர், ஜனவரியில் பனிப்பொழிவு இருக்கும். மூட்டு வலிக்காரர்கள் யோசித்துத்தான் போக வேண்டும்.

நீர் எப்படிச் சூடாகிறது? மழையும் பனியும் பாறை வெடிப்புகள் வழியே வெகு ஆழம் இறங்குகின்றன. கீழே போகப் போக பூமியின் சூடு ஏறும். அங்கே காய்ந்த நீர், வழியில் உள்ள கந்தகம், உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சங்கதிதான் துருக்கி நாட்டில் பாமுக்கலே என்ற ஊரில் ஒரு மலைச்சரிவையே வெள்ளைப் படிக்கட்டுகளாக்கி வைத்திருக்கிறது. கோயில் போல அங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும்!

நீராடும்போது முதலில் பாதம், பிறகு முழங்கால் என்று சொம்பால் விட்டுக்கொண்டு, உடம்பு பழகியபின் இறங்குங்கள். பத்து நிமிஷம் போதும். சோப்பு வேண்டாம். இருதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. வெளியே வந்ததும் தலையைத் துவட்டி, காதை மூடிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பில் வலி கொஞ்ச நேரம் அடங்கும். தேய்ந்த மூட்டு அதனால் சரியாகிவிடாது. இதை அந்த அம்மாவிடம் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

அவர் கொஞ்ச நேரம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ''எங்க வீட்டுக்காரருக்குக் கயாவுல செய்யணும்னு ஒரு பாக்கி இருக்கு. அங்கேருந்து கிட்டதான்னு சொன்னியே, சங்கராந்திக்குப் போகலாமா?'' என்று கேட்டார்.

சங்கராந்திக்கு ராஜ்கிரில் மகர மேளா; கூட்டம் நெரியும். அது முடிந்து பத்து நாள் கழித்துப் போகச் சொன்னேன்.