உப்பும் உழைப்பும்

கோடியக்கரைக்கு வடக்கே, வேதாரணியத்தை அடுத்து உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. பாத்திகளில் தேக்கிய உவர்நீர் வெயிலில் வற்ற, உப்பு விளைகிறது. உவர் கால்களை அரிக்க, வெண்மை கண்களைக் கூசச் செய்ய, அதனை வாரிக் குவிப்பவர் தொழிலாளர்.

அவ்வுப்பே வண்ண உறையில் புகுந்து கடைக்கு வந்ததும், பெயரும் படமும் விலையுமே நமக்குப் புலப்படுகின்றன. கரிப்பைப் போலவே விலையும் உப்புடன் பிறந்த குணம் என எண்ணுகிறோம். அவ்விலையை ஆக்குவது உழைப்போர், உடைமையாளர், வணிகர், வாங்குவோர் ஆகியோரிடையே உள்ள உறவன்றோ! மாந்தர் உறவு இவ்வாறு பொருளின் குணமாகத் தோன்றும் மயக்கத்தைக் கார்ல் மார்க்சு, 1867-இல் வெளிவந்த தம் ‘மூலதனம்’ என்னும் நூலில் விளக்கினார். அதனைப் ‘பண்ட மாயை’ எனலாம். விளம்பரம் இம்மாயையை வளர்க்கிறது. உறையின் அழகுக்கு மிகுதியாகக் கொடுக்கிறோம். உழைத்த கையை மறக்கிறோம்.

இம்மாயத் திரை ஒருமுறை இம்மண்ணிலேயே விலகியது. 1930-இல் இராசாசி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள், ஏப்ரல் 30 அன்று வேதாரணியத்தில் தடையை மீறி உப்பெடுத்தனர். உப்பின் விலைக்குள் அயலாட்சியின் வரி ஒளிந்திருந்ததை அச்செயல் நாட்டுக்குக் காட்டிற்று.

ஒரு பொருளின் விலையைக் கேட்கும்போதே, அதனை விளைத்தவர் யார், அவர் பெற்ற கூலி யாது என்றும் கேட்போமாக!