எழுத்தை எண்ணுங்கள்

கேரளத்தில் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் தமிழர் பலர் வாழ்கின்றனர். வாளையாறு, போடிமெட்டு வழியாகவும் பலர் போய் வருகின்றனர். அங்கே பல பலகைகளில் மலையாளமும் ஆங்கிலமும் மட்டுமே இருக்கும். தமிழ் மட்டும் படித்தவர் தயங்கி நிற்பார்.

சில ஆங்கிலச் சொற்களை எழுத்தை எண்ணியே அறியலாம்.

கழிப்பறைக் கதவில் ‘மென்’ என்றால் ஆண்கள். அதில் 3 எழுத்து. ‘விமென்’ என்றால் பெண்கள். அதில் 5 எழுத்து. அதே 3 எழுத்துக்கு முன்னால் 2 எழுத்து கூடுதல்.

மெயின் சுவிட்சில் ‘ஆன்’ என்றால் மின்சாரம் வரும். அதில் 2 எழுத்து. ‘ஆஃப்’ என்றால் வராது. அதில் 3 எழுத்து. இரண்டுக்கும் முதல் எழுத்து வட்டம். ஆகவே முதல் எழுத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பியூஸ் கட்டையைத் தொடும் முன் கைப்பிடி 3 எழுத்துப் பக்கம் இருக்க வேண்டும். தவறினால் உயிருக்கே ஆபத்து.

சில சொற்களுக்கு எண்ணினால் மட்டும் போதாது. வங்கிக் கதவில் ‘புஷ்’ என்றால் தள்ளு. ‘புல்’ என்றால் இழு. இரண்டிலும் 4 எழுத்து. முதல் 2 எழுத்தும் ஒன்றே. மூன்றாம் எழுத்தைப் பாருங்கள். பாம்புபோல் வளைந்திருந்தால் தள்ளுங்கள். நின்ற கோடும் படுத்த கோடும் சேர்ந்திருந்தால் இழுங்கள்.

பயிற்சி: உங்கள் வீட்டு மெயின் சுவிட்சில் எந்தப் பக்கம் 3 எழுத்து? பார்த்துச் சொல்லுங்கள்.