கறிவேப்பிலையில் ஒரு ஜெர்மன் சொல்

சுரக்குடித் தோட்டங்களில் வளரும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரை அறிவீர்களா? முர்ரயா கோனிகீ என்பதாகும். பெர்கெரா கோனிகீ என்றும் வழங்கும்.

'கோனிக்' என்னும் ஜெர்மன் சொல்லுக்கு 'அரசன்' என்பது பொருள். ஆனால் இங்கே அது அரசனைக் குறிக்கவில்லை. ஒரு மருத்துவரின் குடும்பப் பெயர். யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல், காரைக்காலுக்கு வடக்கேயுள்ள தரங்கம்பாடிக்கு வந்தார். இங்குள்ள தாவரங்களைத் திரட்டித் தம் ஆசிரியர் லின்னேயசுக்கு அனுப்பினார். லின்னேயஸ் 1771-இல் இம்மரத்துக்கு மாணவரின் பெயரையே சூட்டினார். இறுதியிலுள்ள 'ஈ' இலத்தீன் உருபு. நம் 'உடைய' போன்றது.

பின்னர் பேரினப் பெயர் மாறியபோதும் 'கோனிகீ' மாறவில்லை.

கோனிக் வருமுன்பே நம் மக்கள் இதை நன்கறிவர். கறிக்கு உதவும், வேப்பிலை போன்ற இலை என்று தமிழ்ப்பெயரே சொல்லிவிடுகிறதே! இரு பெயர்களையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.