கீழாநெல்லியும் கல்லீரல் தழும்பும்

கேள்வி: ஸ்கேனில் கல்லீரலில் தழும்பு இருப்பதாகச் சொன்னார்கள். டாக்டருக்குத் தெரியாமல் மூலிகை சாப்பிடலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: "டாக்டருக்குத் தெரியாமல்" என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கல்லீரல் திரும்பத் திரும்பக் காயப்படும்போது, அதிலுள்ள நட்சத்திர வடிவச் செல்கள் கொலாஜன் நாரைக் கொட்டுகின்றன, தழும்பு அதுதான். மஞ்சளின் குர்குமினும் பால் நெருஞ்சிலின் சிலிமரினும் இச்செல்களை அடக்குவதை ஆய்வகத்திலும் எலிகளிலும் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களில் அந்த அளவு உறுதி இல்லை. குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதே இல்லை.

உங்கள் ஊர் ஹிமாலயா நிறுவனத்தின் கல்லீரலுக்கான மூலிகை மாத்திரை லிவ்.52, 1955இல் வந்தது. நம் மணத்தக்காளியும் அதில் உண்டு. 2005இல் ஈரானில் தழும்பு முற்றிய (சிரோசிஸ்) 36 நோயாளிகளிடம் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் 2003இல் இலங்கையில் மதுவால் கல்லீரல் கெட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரைக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

கீழாநெல்லி? 1988இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமி இருந்த 37 பேரில் 22 பேருக்கு அது மறைந்ததாக 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பின்வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. அதுவும் கிருமிக்கான சோதனை, தழும்புக்கல்ல.

கன்னடத்தில் அம்ருதபள்ளி எனப்படும் சீந்திலில் கவனம் தேவை. கொரோனா காலத்தில் அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள்.

மணத்தக்காளிக் குழம்பைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பொடி, கேப்ஸ்யூல் எதுவானாலும் டப்பாவோடு டாக்டரிடம் காட்டுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.