ஜாப் கார்டில் என்ன எழுதுவது?

தாணேயில் சொந்தக் காரை டூரிஸ்ட் பெர்மிட்டில் ஓட்டிப் பிழைப்பவருக்கு, வண்டி கேரேஜில் நிற்கும் ஒவ்வொரு நாளும் இரட்டை அடி. வருமானம் நின்றுவிடும், இஎம்ஐ நிற்காது. மோசமான கேரேஜ் காசாக்குவது இந்த அவசரத்தைத்தான். "சாயங்காலம் ரெடி" என்ற பேச்சை நம்பி சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், வேலை சொதப்பிய பிறகு காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

முதலில், வண்டியை விடும்போது கேரேஜ் எழுதும் வேலைச் சீட்டான ஜாப் கார்டு. பாகத்தின் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், கோளாறைச் சொல்லுங்கள். "லோயர் ஆர்ம் மாற்றவும்" என்று எழுதிக் கொடுத்தால், மாற்றியதோடு மெக்கானிக்கின் கடமை தீர்ந்தது. சத்தம் நிற்காவிட்டால் அது உங்கள் தலைவலி. "ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போது இடது முன்சக்கரப் பக்கம் கடகடவென்று சத்தம்" என்று எழுதினால், அந்தச் சத்தம் நிற்கும்வரை அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கோட்பந்தர் சாலைப் பள்ளங்கள் இந்தப் புகாருக்குப் பஞ்சம் வைப்பதில்லை! கிலோமீட்டர் ரீடிங், எரிபொருள் அளவு, எஸ்டிமேட் தொகை, "இதற்கு மேல் போனால் கேட்டுத்தான் செய்ய வேண்டும்" என்ற வரி ஆகியவையும் அதில் இருக்கட்டும். சின்ன கேரேஜ்களில் ஜாப் கார்டே இருக்காது. பரவாயில்லை, அங்கே நின்றபடியே இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் போடும் "ஓகே" உங்களுக்குச் சாட்சி.

பழைய பாகங்களை வண்டி விடும்போதே கேட்டுவையுங்கள்: "புரானா பார்ட் ரக்னா, பாய்." பில் போட்ட பிறகு கேட்டால், குப்பைக்காரர் எடுத்துப் போய்விட்டார் என்பார்கள். புதுப் பாகம் வந்த பெட்டியையும், எம்ஆர்பி ஸ்டிக்கரையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். குர்லா சிஎஸ்டி சாலையில் பழைய பாகம் வாங்கிப் போடுவது தப்பில்லை. அதைச் சொல்லி, அதற்கான விலையைத்தான் வாங்க வேண்டும்.

பிரீமியர் பத்மினி காலத்தில் பக்கத்தில் நின்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். அந்தக் கறுப்பு மஞ்சள் டாக்சி 2023 அக்டோபரோடு விடைபெற்றது. இப்போது கோளாறைச் சொல்வது ஸ்கேனர். என்ன எரர் கோடு வந்தது என்று கேட்டு, திரையைப் படமெடுங்கள். கோடு சந்தேகப்பட வேண்டிய இடத்தைத்தான் காட்டும். ஆக்சிஜன் சென்சார் கோடு வந்ததாலேயே சென்சார் போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது. ஒயர் அறுந்திருக்கலாம், புகைக்குழாய் கசியலாம். சோதிக்காமல் பாகத்தை மாற்றுபவர் உங்கள் காசில் யூகித்துக்கொண்டிருக்கிறார்.

ஏசி வேலையில்தான் இந்த யூகம் அதிகம். கூலிங் இல்லை என்றதும் "கேஸ் தீர்ந்துபோச்சு" என்பார்கள். ஏசி கேஸ் பெட்ரோல்போல எரிந்து தீராது, மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். பல வருடங்களில் கொஞ்சம் குறைவது இயல்பு. ஒரே கோடையில் காலியானால் எங்கோ கசிகிறது. அதைத் தேடாமல் நிரப்பினால் சில நாளில் மறுபடி வெக்கைதான், அடுத்து கம்ப்ரஸர் பேச்சு வரும். பல நேரம் குற்றவாளி ஒரு சின்ன ஓ-ரிங்காக இருக்கும். நைட்ரஜன் அடித்துப் பார்த்தாரா, கசிவு எங்கே, எத்தனை கிராம் கேஸ் போட்டார் என்று கேளுங்கள். எத்தனை கிராம் பிடிக்கும் என்பது பெரும்பாலும் போனட்டுக்கு அடியில் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

கச்சா பில் போட்டால் ஜிஎஸ்டி மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். வேண்டாம். அந்த மிச்சத்தோடு உங்கள் ஆதாரமும் போய்விடும். பில் தராததை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது.

வேலை சரியில்லையா? கோபத்தில் அடுத்த கேரேஜுக்குப் போய்ப் பிரித்துப் போடாதீர்கள். பிரித்ததும் பழைய ஆள், "அவன்தான் கெடுத்தான்" என்பார். முதலில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒரு தேதி குறித்து, சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்கள். மறுத்தால் இரண்டாவது மெக்கானிக்கிடம் பிரிக்கும் முன்பே வீடியோ எடுத்து, அவர் கருத்தை லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். செய்த வேலைக்குக் காசு தராவிட்டால் வண்டியைப் பிடித்துவைக்க 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு கேரேஜுக்கு உரிமை தருகிறது. ஆகவே சண்டையை வாசலில் வளர்க்காமல், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதி, யுபிஐயில் கட்டி, வண்டியை எடுங்கள்.

"கமர்ஷியல் வண்டிக்குக் கன்ஸ்யூமர் கோர்ட் கிடையாது" என்று மிரட்டுவார்கள். 1995-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விளக்கம் சொல்லிவிட்டது. கோவை பிஎஸ்ஜி இண்டஸ்டிரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடர்ந்த வழக்கு அது. வாங்கியவர் தோற்றார். ஆனால் பிழைப்புக்காக ஆட்டோவை வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்று தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது. 2019 சட்டமும் சுயதொழில் செய்பவரை விலக்கவில்லை. நாலு வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுபவருக்கு இது கடினம்.

1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். அதிலும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். தாணேவாசி தாணேயில், செம்பூர்க்காரர் மும்பை புறநகர் மாவட்டத்தில். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. தவறு நடந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். சட்டம் சொல்லும் சில மாதங்களில் முடியும் என்று மட்டும் நம்பாதீர்கள். வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பையும் கேளுங்கள். அதற்கு முந்தைய வாரங்களின் டாக்சி ஆப் ஸ்டேட்மென்டை இணைத்தால் கணக்குக்கு வலு கிடைக்கும்.

நோட்டீஸ் போனதும் பல கேரேஜ்கள் சமரசத்துக்கு வரும். தாராளமாகப் பேசுங்கள். எந்த வேலை இலவசம், எந்தத் தேதிக்குள், எத்தனை மாத வாரன்டி என்பதை எழுதி வாங்கி, திருப்பித் தருவதாகச் சொன்ன பணம் கணக்கில் ஏறிய பிறகே புகாரை வாபஸ் வாங்குங்கள்.