மரச்சட்ட சோபா: 28,000-ஆ, 52,000-ஆ? ஒரு ஆடிட்டர் கணக்கு

"தரையில பாய் விரிச்சே ஆறு மாசம் ஓட்டியாச்சு சார். ஊர்ல இருந்து அப்பா அம்மா வர்றாங்க, அப்பாவுக்கு முட்டி வலி, கீழ உக்கார முடியாது. ஒரு சோபா வாங்கணும். கடையில ரெண்டு காட்டினாங்க. ஒண்ணு 28,000, முழுக்கத் துணி போர்த்தினது. இன்னொண்ணு மரச்சட்டம் வெளியில தெரியற லவுஞ்ச் சோபா, 52,000. சம்பளம் கைக்கு 46,000 வருது. எதை வாங்க?"

இந்த மாதிரி மெயில் மாசத்துக்கு ரெண்டாவது வருது. மியூச்சுவல் ஃபண்ட் பத்தி வீடியோ போடற சேனல்ல சோபா கதை எதுக்குன்னு சிலர் கேக்கலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் அஞ்சு வருஷத்துல போன், பைக்குக்கு அடுத்தபடியா பெரிய தொகை போறது பர்னிச்சர்லதான். போனுக்கு நாலு நாள் ரிவ்யூ பாக்கற நாம, சோபாவை மட்டும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரத்துல முடிவு பண்ணிட்டு வந்துடறோம். அதனால இன்னிக்கு இதையே பாடமா எடுத்துக்கலாம்.

முதல்ல பொருளைப் பாப்போம்

துணி போர்த்தின சோபாவுல உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. நல்ல மரமும் இருக்கலாம், பேக்கிங் பெட்டிக்குப் போடற பைன் கட்டையும் பார்ட்டிகிள் போர்டும் ஸ்டேப்ளர் பின்னுமா இருக்கலாம். மரச்சட்ட சோபாவுல எலும்புக்கூடு வெளியிலயே தெரியுது. குஷன் தனியா எடுத்து வெக்கற மாதிரி இருக்கு. கணக்குப் பாக்கறவன் கண்ணுக்கு இது முக்கியமான வித்தியாசம். சீக்கிரம் தேயற பாகமும் ரொம்ப நாள் உழைக்கற பாகமும் தனித்தனியா இருந்தா, தேஞ்சதை மட்டும் மாத்திக்கலாம். ஃபோம் அமுங்கிப் போச்சுன்னா ஃபோம் மட்டும், துணி கிழிஞ்சா துணி மட்டும்.

ஆனா மரம்னு சொன்னா மட்டும் போதாது. "தேக்கு ஃபினிஷ்", "ஷீஷம் ஃபினிஷ்"னு எழுதியிருந்தா அது பாலீஷோட நிறம், மரத்தோட பேர் இல்லை. ஆன்லைன்ல பாதிப் பேர் ஏமாறறது இந்த ஒரு வார்த்தையிலதான். "மெட்டீரியல்"னு தனியா ஒரு வரி இருக்கும், அங்க என்ன போட்டிருக்குன்னு பாருங்க. "இன்ஜினியர்டு வுட்"னு இருந்தா அது பிளைவுட், எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டு எதுவா வேணாலும் இருக்கலாம். எதுன்னு கேட்டு எழுதி வாங்குங்க.

தேக்கு நம்ம ஊர் ஈரத்துக்கும் பூச்சிக்கும் நல்லாத் தாங்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி. ஷீஷம், மாமரம், அகேசியா சோபாக்கள் நிறைய ஜோத்பூர் பக்கம் இருந்து வருது. ஷீஷம் கனமான உறுதியான மரம். மாமரத்துலயும் ரப்பர் மரத்துலயும் துளைப்பான் பூச்சி சுலபமா ஏறும், மருந்து ஏத்தி சூளையில உலர்த்தினதான்னு கேக்கணும். ரப்பர் மரத்தைக் கேவலமா நினைக்க வேண்டாம். பால் வத்தின தோட்டத்துல எப்படியும் வெட்டற மரம், சரியாப் பதப்படுத்தினா தினசரி உபயோகத்துக்குத் தாராளமாப் போதும். தேக்கு விலைக்கு அதை வாங்கிடாதீங்க, அவ்ளோதான்.

கடையில சோபாவைக் குப்புறக் கவுத்துக் காட்டச் சொல்லுங்க. கூச்சப்படாதீங்க, அரை லட்சம் குடுக்கறது நீங்க. அடியில மூலைக்கு மூலை முக்கோணக் கட்டை வெச்சு திருகு போட்டிருக்கா, இல்ல வெறும் பின் அடிச்சிருக்காங்களா? கால் சட்டத்தோட மரத்துக்குள்ள மரம் சொருகின இணைப்பா, வெறும் எல் வடிவ இரும்புத் தகடா? அப்புறம் நிமித்தி வெச்சு, முன்பக்கம் ஒரு காலை மட்டும் அரையடி தூக்குங்க. பக்கத்து முன்காலும் கூடவே எழும்பினா சட்டம் விறைப்பா இருக்கு. அது தரையிலயே நின்னு சட்டம் மட்டும் முறுக்கிக்கிட்டா, அந்த சோபா ரெண்டு வீடு மாத்தறதுக்குள்ள கிரீச் கிரீச்னு பாட ஆரம்பிச்சுடும்.

அடுத்தது ஃபோம். "40 டென்சிட்டி சார்"னு எல்லாக் கடையிலயும் சொல்வாங்க. 40 டென்சிட்டின்னா ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை. அப்போ எடை போட்டே சரிபார்க்கலாம் இல்லையா? சீட் குஷன் 24 அங்குல நீளம், 24 அங்குல அகலம், 5 அங்குல உயரம்னு வெச்சுக்கோங்க. கன அளவு 0.047 கன மீட்டர். 40 டென்சிட்டியா இருந்தா ஏறத்தாழ 1.9 கிலோ இருக்கணும், 32-ஆ இருந்தா 1.5 கிலோ. ஜிப்பைத் திறந்து உறையைக் கழட்டி, சூட்கேஸ் எடை பாக்கற தராசுல மாட்டிப் பாருங்க. 1.1 கிலோதான் காட்டுதுன்னா அது 23 டென்சிட்டி. கடைக்காரர் முகத்தையும் அப்போ பாருங்க. இன்னொண்ணு, டென்சிட்டிங்கறது ஆயுசுக்கான அளவு, கெட்டித்தன்மைக்கான அளவு இல்லை. கனமான ஃபோம் மெத்துன்னும் இருக்கலாம், லேசான ஃபோம் கல்லாட்டமும் இருக்கலாம். கடையில கெட்டியாத் தெரியுதேன்னு நம்பி வாங்கின லேசான ஃபோம்தான் ஒரு வருஷத்துல குழி விழும்.

லவுஞ்ச் சோபான்னா உக்காரற ஆழம் அதிகம். சாய்ஞ்சு காலை நீட்டி சினிமா பாக்க சுகமா இருக்கும். ஆனா முட்டி வலி இருக்கற அப்பாவுக்கு? ஆழம் 24 அங்குலம், உயரம் 15 அங்குலம்னா அவர் உள்ள போய் மாட்டிக்குவார், எழுந்திருக்க ஒரு ஆள் கை குடுக்கணும். பெரும்பாலானவங்களுக்கு உயரம் 17, 18 அங்குலம், ஆழம் 20 முதல் 22 அங்குலம் சரியா வரும். கைப்பிடி மரமா, ஊனி எழும்பற மாதிரி உறுதியா இருக்கறது பெரியவங்களுக்குப் பெரிய உதவி. அப்பா அம்மாவுக்காக வாங்கறீங்கன்னா அவங்க வந்த பிறகு கடைக்குக் கூட்டிட்டுப் போய் பத்து நிமிஷம் உக்கார வெச்சுப் பாத்து வாங்குங்க. அதுவரைக்கும் ரெண்டு நல்ல நாற்காலி போதும்.

இப்ப கணக்கு

28,000 சோபா நாலு வருஷம் வரும், கடைசியில 2,000-க்குப் போகும்னு வெச்சுப்போம். நிகரச் செலவு 26,000, வருஷத்துக்கு 6,500. 52,000 மரச்சட்ட சோபா 12 வருஷம் வரும், நடுவுல ஒரு தடவை ஃபோமும் துணியும் மாத்த 12,000, கடைசியில 8,000-க்கு விக்கலாம். நிகரச் செலவு 56,000, வருஷத்துக்கு 4,667.

"அந்தக் கூடுதல் 24,000-ஐ முதலீடு பண்ணியிருந்தா?"ன்னு நம்ம சேனல் பாக்கறவங்க கண்டிப்பா கேப்பீங்க. கேக்கணும். 7% வட்டின்னா வருஷத்துக்கு 1,680. அதையும் சேர்த்தா மரச்சட்ட சோபா வருஷத்துக்கு 6,347. அப்பவும் கொஞ்சம் கம்மிதான். ஆக, விலை அதிகமான சோபாதான் மலிவு.

நிறைய பேர் இந்த இடத்துலயே கால்குலேட்டரை மூடிடுவாங்க. இந்தக் கணக்கு முழுக்க "12 வருஷம்"ங்கற ஒரு ஊகத்து மேல நிக்குது. சோபா 12 வருஷம் வரும், நீங்க அந்த ஊர்ல 12 வருஷம் இருப்பீங்களா? ரெண்டு வருஷத்துல பெங்களூரு மாத்தலோ, ஆன்சைட்டோ வந்துட்டா கதையே வேற. மரச்சட்ட சோபாவை அவசரத்துல 22,000-க்கு வித்தா, ரெண்டு வருஷத்துக்கு 30,000 செலவு, வருஷத்துக்கு 15,000. 28,000 சோபாவை 8,000-க்குத் தள்ளினா வருஷத்துக்கு 10,000. இப்ப மலிவு சோபாதான் மலிவு. மாசம் 1,000 வாடகைக்குக் கிடைச்சா 12,000, ரெண்டுக்கும் நடுவுல நிக்குது, விக்கற தலைவலியும் இல்லை.

அவசரத்துல விக்கறவர் இருந்தா அவர்கிட்ட வாங்கறவரும் இருக்கார் இல்லையா? அந்த ஆளா நீங்க இருங்க. ஊர் மாறிப் போறவர்கிட்ட மரச்சட்ட சோபா 18,000-க்கு வாங்கி, 9,000-க்குப் புது ஃபோம் போட்டு, 2,500 வண்டி வாடகை குடுத்தா மொத்தம் 29,500. ரெண்டு வருஷம் கழிச்சு 14,000-க்கு வித்தா வருஷத்துக்கு 7,750. என் கணக்குல இளைஞர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. மரச்சட்டத்தை இப்படி மறுபடி உயிர் குடுத்து உபயோகிக்கலாம், துணி போர்த்தின பழைய சோபாவை அப்படி நம்பி வாங்க முடியாது, மூட்டைப்பூச்சி பயம் வேற. காரைக்குடியில செட்டிநாட்டு வீடுகள்ல இருந்து வந்த பழைய பர்மா தேக்குச் சாமான் இன்னிக்கும் விலை போகுதுன்னா காரணம் அதுதான். (விக்கும்போது வரி? சொந்த உபயோக பர்னிச்சர் மூலதனச் சொத்துக் கணக்குல வராது. வரியும் இல்லை, நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது.)

எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க. மாத்திப் பாக்க வேண்டிய முக்கியமான எண், எத்தனை வருஷம் இருப்பீங்கங்கறது.

"நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே சார்"

48,000 சோபா, மாசம் 4,000, 12 மாசம், வட்டி இல்லைன்னு சொல்வாங்க. உள்ள நடக்கறது இது. வங்கி 15% வட்டி போடுதுன்னா, உங்க பேர்ல கடன் 44,317. மீதி 3,683 வட்டி. அந்த வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி குடுத்து "நோ காஸ்ட்"னு பேர் வெக்கறாங்க. கிரெடிட் கார்டு இஎம்ஐன்னா அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, அதாவது 663 ரூபாய், உங்க தலையில. 199 ரூபாய் பிராசஸிங் ஃபீஸும் அதுக்கு ஜிஎஸ்டியும் சேர்த்து 235. ஆக 898 ரூபாய் கூட.

அது பெரிய தொகை இல்லைதான். பெரிசு எதுன்னா, "மொத்தமாக் குடுத்தா எவ்ளோ குறைப்பீங்க?"ன்னு கேக்கற வாய்ப்பை விடறது. 5% குறைச்சு 45,600-க்குக் குடுப்பாங்கன்னா, உங்க இஎம்ஐயோட உண்மையான வட்டி சுமார் 13%. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டுச்சு. விளம்பரம் பேரை மாத்திக்கிட்டு வந்துடுச்சு.

இதை விட ஆபத்தானது வீட்டுக் கடனோட "இன்டீரியர்"னு சோபாவையும் சேர்க்கறது. 8.5% வட்டி, 20 வருஷம்னா 52,000-க்கு மாசம் 451 ரூபாய்தான் கூடும், யாருக்கும் வலிக்காது. மொத்தமாக் கட்டறது 1,08,305. நம்ம சோபா 12 வருஷத்துல வெளிய போயிடும், மிச்சம் எட்டு வருஷம் இல்லாத சோபாவுக்குத் தவணை கட்டுவீங்க.

46,000 சம்பளக்காரருக்கு என் பதில்: ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி தனியா இருந்தா, மாசம் 5,000 எடுத்து வெச்சு ஆறு மாசத்துல பழைய மரச்சட்ட சோபா. அவசர நிதி இல்லைன்னா ரெண்டு நாற்காலி, ஒரு திவான் கட்டில்.

பில் விஷயம்

மரச்சட்ட சோபாவுக்கு ஜிஎஸ்டி 18%. முழுக்க மூங்கில், பிரம்புல செஞ்ச பர்னிச்சருக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து 5%. அதனால சொன்ன விலை வரி சேர்த்தா, சேர்க்காமலான்னு முதல் நிமிஷமே கேளுங்க. 52,000 கூட வரின்னா 61,360, மேல போட்ட கணக்கெல்லாம் மாறிடும்.

"பில் வேண்டாம்னா குறைச்சுக்கலாம்"னு சொல்வாங்க. ரெண்டு மாசத்துல மரத்துல இருந்து மாவு கொட்டும்போது உங்க கையில காட்ட ஒண்ணும் இருக்காது. பில் இருந்தா 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் குடுக்கலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. பில்லுல "சோபா 1"னு மட்டும் இல்லாம, மரத்தோட பேர், ஃபோம் டென்சிட்டி, வாரன்ட்டி எத்தனை வருஷம், அது சட்டத்துக்கா குஷனுக்கா, எல்லாம் எழுதி வாங்குங்க. பூச்சி அரிப்பு வாரன்ட்டியில சேருமான்னும் பாத்துக்கோங்க, பல இடத்துல சேராது.

பதிவு பண்ணாத சின்ன ஆசாரிகிட்ட செய்யச் சொன்னா அவர் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது, அது உங்களுக்கு நியாயமாவே மிச்சம். ஆனா 15 இலக்க ஜிஎஸ்டி எண் இல்லாத பில்லுல "ஜிஎஸ்டி 18%"னு ஒரு வரி இருந்தா, அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகாது. தமிழ்நாட்டுக் கடைன்னா அந்த எண் 33-ல ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி இணையதளத்துல போட்டா கடைப் பேர் உடனே வந்துடும்.

முன்பணம் குடுக்கறதுக்கு முன்னாடி லிஃப்ட் கதவு அகலத்தையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் டேப் வெச்சு அளந்துட்டுப் போங்க. மூணு பேர் உக்காரற சோபா ஆறரை அடி இருக்கும், கால் கழட்ட முடியுமான்னு கேட்டு வெச்சுக்கோங்க.