எண்ணா, எழுத்தா? சீட்டுகளை வரிசைப்படுத்தும் முறை

மாதக் கடைசியில் பாக்கிச் சீட்டுகளையும் கொள்முதல் பில்களையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்காராத வணிகர் நம்மில் யார்? ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நமக்கு இந்த வேலை சற்று அதிகம். பெங்களூர் சரக்கும் சேலத்துச் சரக்கும் ஒரே கடையில்தான் இறங்குகின்றன. கம்ப்யூட்டர் இவற்றை அடுக்கும் முறையை நாம் கையாலேயே செய்து பார்ப்போம்.

நான்கு பேரின் பாக்கி ரூ.1200, 450, 98, 5000 என்று வைத்துக்கொள்வோம். முதல் சீட்டை மேஜையில் வையுங்கள். அடுத்ததை எடுத்து இடப்பக்கச் சீட்டோடு ஒப்பிடுங்கள். இடப்பக்கத் தொகை பெரியதானால் அதை வலப்பக்கம் நகர்த்திவிட்டு, அதற்கும் முந்தியதோடு ஒப்பிடுங்கள். சிறியது வந்ததும், அல்லது சீட்டுகள் முடிந்ததும், கையிலுள்ளதை அங்கே செருகுங்கள். 98, 450, 1200, 5000 என்று அமைந்துவிடும். சீட்டாட்டத்தில் கையில் அடுக்குவோமே, அதேதான்.

100 சீட்டுகள் தலைகீழாக இருந்தால் இம்முறையில் 4,950 ஒப்பீடு. 1,000 என்றால் 4,99,500. கட்டைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போய், பின் வரிசை மாறாமல் சேர்த்துக்கொண்டே வந்தால் 1,000 சீட்டும் பத்தாயிரம் ஒப்பீட்டுக்குள் முடியும். இது ஜான் வான் நியூமன் 1945-இல் வகுத்த முறை.

ஆனால் நமக்கு நட்டம் வருவது வேகக் குறைவால் அல்ல. தொகையை எண் என்று சொல்லாமல் எழுத்தாகப் பதிந்துவிட்டால், கம்ப்யூட்டர் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து 1200, 450, 5000, 98 என்று அடுக்கும். பெரிய பாக்கி மேலே வரட்டும் என்று திருப்பினால் 98 ரூபாய்க்காரர் தலையில் நிற்பார். அவர் வீட்டுக்கு வசூலுக்கு ஆள் அனுப்பினால் உறவுதான் கெடும்! பில் எண்ணிலும் இப்படியே 10 என்பது 2-க்கு முன்னால் வரும். 0002, 0010 என்று எழுதினால் சரியாகும். காலாவதித் தேதியை எழுத்தாகப் பதிந்தால் 05-11-2025 முன்னும் 12-03-2024 பின்னும் நிற்கும். பழைய சரக்கு அலமாரியிலேயே தங்கிவிடும். 2024-03-12 என ஆண்டை முதலில் எழுதுங்கள்.

எழுத்தாக அடுக்குவதே நமக்கு உதவும் இடமும் உண்டு. ஜி.எஸ்.டி. பதிவு எண் எல்லோருக்கும் 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு. கர்நாடகம் 29, தமிழ்நாடு 33, ஆந்திரம் 37. கொள்முதல் பில்களை விற்றவரின் பதிவு எண்படி அடுக்கினால் கர்நாடக பில்கள் தாமாக முன்னால் ஒன்று சேரும். அவற்றில் ஐ.ஜி.எஸ்.டி. இருக்கிறதா என்று பாருங்கள். கர்நாடகத்தின் மாநில வரி போட்டிருந்தால் அந்த வரியை நம் கணக்கில் வரவு எடுக்க முடியாது. விற்றவரிடம் உடனே கேட்டுத் திருத்த வேண்டும்.

பெயர்ப் பட்டியலில் ஒரு சங்கடம். யுனிகோடு குறியீட்டு வரிசையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒரே வாடிக்கையாளரை ஒருநாள் தமிழிலும் மறுநாள் கன்னடத்திலும் பதிந்தால், பட்டியலில் எட்ட எட்ட இரண்டு ஆளாக நிற்பார், பாக்கியும் இரண்டாகப் பிரிந்துவிடும். வாடிக்கையாளருக்கு ஓர் எண் கொடுத்து, அதன்படியே பற்று எழுதுங்கள்.